பதினான்காம் மரத்துக்குப் பசியில்லை

புருல்கானுடைய கைகளை மட்டும் பார்த்தால் கல் உடைக்கிற ஆளின் கைகள் என்று நினைப்பீர்கள். அக்ரூட் தோலின் கறை நகக்கண்களில் ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாமல், வருடம் முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். ஆனால் தலைமுடி அளவு மெல்லிய வேரைக் களிமண்ணிலிருந்து அறுபடாமல் பிரித்தெடுக்க அந்தக் கைகளால்தான் முடியும். வன நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பட்டதாரிகள் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். அப்படி ஒரு கையை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதி என்னைப் பற்றித்தான் வருகிறது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பெரிய மரங்களின் வேர் மண்ணிலிருந்து எவ்வளவு சத்து எடுக்கிறது என்று அளக்க ஆள் தேடியபோது படித்தவர்கள் ஏழு பேர் வந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன புருல்கானும் வந்தாள். தலைநகரிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் எர்கின் ஆளுக்கொரு தேக்கரண்டியைக் கொடுத்து, மரத்தோடு ஒட்டியிருக்கிற வேர்க்கொத்து ஒன்றை அறுக்காமல் வெளியே எடுக்கச் சொன்னார். ஏழு பேரும் அறுத்தார்கள். புருல்கான் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் விரலால் தோண்டினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எர்கின் கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தார்.

வேலை இதுதான். மரத்தடியிலிருந்து நாலைந்து அடி தள்ளி மேல்மண்ணை விலக்கி, உயிரோடிருக்கும் வேர்க்கொத்து ஒன்றை எடுக்க வேண்டும். தண்ணீரில் அலசி, சத்துக் கரைசல் ஊற்றிய சிறு கண்ணாடிக் குழாய்க்குள் விட வேண்டும். குழாயை ஈரத் துணியில் சுற்றி, சருகால் மூடிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க மரம் நாம் ஊட்டுவதைக் குடித்துக்கொண்டிருக்கும். பிறகு குழாய் என் மேசைக்கு வரும். மிச்சமிருப்பதில் தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு என்று நான் பார்ப்பேன். மருந்துத் துளி விட்டதும் குழாய் நீலமாகும். மரம் குடித்திருந்தால் நீலம் வெளிறியிருக்கும். குடிக்கவில்லையென்றால் அடர்ந்து நிற்கும்.

இருநூறு வயது மரம் ஒன்று இருட்டில் சத்தமில்லாமல் குழாயை உறிஞ்சிக்கொண்டிருப்பதை நினைத்தால் ஆரம்பத்தில் எனக்குக் குழாயைத் தொடவே பிடிக்காது. புருல்கானுக்கு அதெல்லாம் கிடையாது. சருகை மூடும்போது மரத்திடம், "குடி, குடி, யாரும் பாக்கல" என்பாள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் கல்மூர்சா. அவள் புருஷன். கரா-சாய் சரிவின் வனக்காவலன். ஆள் உயரம், பேச்சு மெதுவாக வரும். என்னை அக்கா என்று கூப்பிடுவான். ஊரே அக்ரூட் பொறுக்கக் காட்டுக்குள் கூடாரம் போட்டிருந்த ஒரு அக்டோபரில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சரிவுக்குக் கிளம்பியவன் திரும்பி வரவில்லை. அக்ரூட்டின் அடிமரத்தில் கழலை போலப் புடைத்து வளரும் முண்டுக்கு வெளியே ஏகக் கிராக்கி. திருடர்கள் மரத்தைச் சுற்றிக் குழி பறித்து, முண்டை அறுத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கும் ரம்பச் சத்தம் கேட்டுத்தான் அவன் போனான். இரண்டு நாள் ஆண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டுச் சரிவு சரிவாகத் தேடினார்கள்.

மூன்றாம் நாள் நான் ஜலால்-அபாத்திலிருந்து கூடாரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பேருந்து நிலையத்தில் பச்சை மழைக்கோட்டு போட்ட ஒருவன், சிவப்பு முக்காடு போட்ட ஒருத்தியோடு வேனில் ஏறுவதைப் பார்த்திருந்தேன். வனக்காவலர்கள் போடுகிற மாதிரி கோட்டு. உயரமும் அதே உயரம். முதுகைத்தான் பார்த்தேன். முதுகை மட்டும்தான்.

தேநீர் கொதிக்கும் இடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லார் முகமும் தொங்கிக் கிடந்தது. கல்மூர்சாவைத் தேடுகிறார்கள் என்று ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"யாரைத் தேடுறீங்க? கல்மூர்சாவையா? அவன் ஜலால்-அபாத்ல வேன் ஏறிட்டான்டி! கூட ஒரு சிவப்பு முக்காடு வேற!"

"நெசமாவா அனார்கான்? மூஞ்சியப் பாத்தியா?"

பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால் பத்துப் பேரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

"பாக்காமலா சொல்றேன்? திரும்பி என்னப் பாத்து ஒரு சிரிப்பு வேற சிரிச்சான்."

அந்தச் சிரிப்பை நான்தான் செய்தேன். ஒரு நொடியில் செய்தேன். சாயங்காலத்துக்குள் ஆண்கள் சரிவிலிருந்து இறங்கிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். காய்கள் உதிர்ந்துகொண்டிருந்தன, எல்லாருக்கும் வேலை இருந்தது, ஓடிப்போனவனைத் தேட யாருக்கு நேரம்?

புருல்கான் என் கூடார வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நெசமாவே சிரிச்சாரா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சிரிச்சான்டி" என்றேன்.

அவள் அழவில்லை. "போற எடமெல்லாம் வயிறு காஞ்சு திரியட்டும்" என்றாள். எங்கள் ஆட்களிடம் அதைவிடக் கொடிய சாபம் கிடையாது.

ஏனென்றால் நாங்கள் செத்தவர்களுக்கும் சாப்பாடு போடுகிறவர்கள். வியாழக்கிழமை எண்ணெய் காய்ச்சி ஏழு ரொட்டி சுடுவோம். அந்த மணம்தான் அவர்களுக்கு உணவு. சுட்டு முடித்ததும் பெயர் பெயராகச் சொல்லி ஓதுவோம். பெயர் விட்டுப்போனவர் வாசல்வரை வந்து பசியோடு திரும்பிப் போவார் என்பார்கள். புருல்கானின் மாமியார் சாய்னாப் வியாழன் தவறாமல் சுட்டார். தன் அப்பா, அம்மா, புருஷன், கைக்குழந்தையிலேயே போன இரண்டு பெண்கள் என்று எல்லாப் பெயரும் வரும். கல்மூர்சாவின் பெயர் வராது.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு ரொட்டி சுட்டா, நானே அவனைக் குழியில எறக்குன மாதிரி" என்பார் சாய்னாப். அவனுடைய பூட்சைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார்.

மாவு பிசைகிறவள் புருல்கான். கறுப்பும் உடுத்த முடியாமல், கலரும் உடுத்த முடியாமல், சாம்பல் நிறத்தில் இரண்டே உடுப்போடு காலம் தள்ளினாள். கிணற்றடியில் பெண்கள் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் இருக்கிறானா, இல்லையா? இருந்தால் மனதுக்குள் ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம். இல்லையென்றால் பசியாற்ற வேண்டும். ஒருமுறை குழாய் கழுவிக்கொண்டிருந்தபோது அவளே என்னிடம் இப்படிச் சொன்னாள். நான் அடுத்த குழாயை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் காணாமல்போன மூன்றாம் கோடையில் எர்கின் கரா-சாய் சரிவையும் கணக்கில் சேர்த்தார். பதினொன்று முதல் இருபது வரை எண்ணிட்ட மரங்கள் அங்கே. கல்மூர்சாவுக்குப் பிறகு அந்தச் சரிவுக்குக் காவலன் போடவில்லை. பாதை செங்குத்து. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

முதல் வாரமே பதினான்காம் மரம் என் பிராணனை வாங்கியது. மற்ற குழாய்கள் ஒழுங்காக வெளிறி வந்தன. பதினான்கின் மூன்று குழாய்களும் கருநீலம். குடிக்கவில்லை என்றால்கூடச் சரி. நான் கலந்து கொடுத்ததைவிட அதிக நீலம். குடிக்கக் கொடுத்தால் பதிலுக்குக் கக்கியிருந்தது. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலக்கினேன். இரண்டாம் முறையும் அதே நீலம். மூன்றாம் முறையும் அப்படியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ வேரையே உள்ள விடல. கரைசல ஊத்தி வெயில்ல வச்சிட்டு, நேரமானதும் எடுத்துட்டு வந்துட்ட. தூங்கிட்டியா?"

"நான் தூங்குனேனா?" புருல்கானுக்கு முகம் சிவந்துவிட்டது. "அங்க யாருக்கா தூங்குவா?"

"அப்ப மண்ணு விழுந்திருக்கு. சுத்தமில்லாம வேலை செஞ்சா இப்படித்தான்."

"இவ்வளவு நாள்ல என் குழாயில ஒரு மண்ணு பாத்திருக்கியா நீ? வா, நீயே வந்து பாரு. வந்து உன் கையால வேரை விடு."

போனேன். வியாழக்கிழமை. சரிவு ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மற்ற மரங்களின் கீழே ஒன்றும் முளைத்திருக்கவில்லை. அக்ரூட் தன் நிழலில் அவ்வளவு சீக்கிரம் எதையும் வளர விடாது. பதினான்கின் கீழே மட்டும் ஒரு பக்கத்தில் காஞ்சொறி இடுப்பளவுக்கு, பாய் விரித்த அகலத்துக்கு, கருகருவென்று நின்றது. அடிமரத்தில் முண்டு அறுத்த பழைய காயம். மரம் என்னவோ செழிப்பு. இலைகள் கறுப்பென்று சொல்லும் அளவுக்குப் பச்சை. காற்று இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. கீழே ஓடையில் தண்ணீர் போவது தெரிந்தது, ஆனால் அதன் இரைச்சல் அந்த இடத்துக்கு வரவில்லை. அது என் காது அடைத்ததாலும் இருக்கலாம்.

"எவனோ ஆடு கட்டியிருக்கான். புழுக்கை" என்றேன்.

"இங்க யாரு ஆடு கட்டுவா?" என்றாள் புருல்கான்.

காஞ்சொறியை ஒட்டி அவள் விரலால் தோண்டினாள். மண் கறுத்து, ஈரமாக, கையோடு ஒட்டியது. வேர்கள் திமுதிமுவென்று வந்தன. மற்ற மரங்களில் ஒரு கொத்து தேட அரை மணி ஆகும். இங்கே கை வைத்த இடமெல்லாம் வேர். எல்லாம் ஒரே திசையில், கீழ்நோக்கி. என் கையாலேயே அலசினேன். என் கையாலேயே குழாயில் விட்டேன். சருகால் மூடினோம். அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

காத்திருக்க வேண்டிய மூன்று மணி நேரமும் அவள் நிழலைவிட்டு வெளியே போய், வெயிலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள். எங்களூரில் பேய் அண்டும் என்று அக்ரூட் நிழலில் யாரும் படுக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது என்று காட்டுவதற்காகவே நான் மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

"எந்திரிச்சு வாக்கா. அங்க படுக்காத."

"போடி. படிச்சவ நான்."

கண் அயர்ந்திருக்கும். காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, ரொம்ப மரியாதையாக ஒரு ஆணின் குரல். "அக்கா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ வழிப்போக்கன் என்றுதான் அரைத் தூக்கத்தில் நினைத்தேன். "பையில ரொட்டி இருக்கு, எடுத்துக்க" என்றேன்.

பிறகுதான் பை என் தலைக்குக் கீழே இருப்பது நினைவுக்கு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். யாருமில்லை. பையின் முடிச்சு போட்டபடியே இருந்தது. புருல்கான் பாறையிலிருந்து எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா? யாருகிட்ட பேசுன?"

"யாருகிட்டயும் இல்ல. கனவு."

"ரொட்டி எடுத்துக்கன்னு சொன்ன. நல்லா கேட்டுச்சு எனக்கு."

"கனவுல எவனோ சாப்பாடு கேட்டான். விடு."

அவள் விடவில்லை. நிழலின் விளிம்புவரை வந்து கையை நீட்டினாள். "குடுக்கறேன்னு வாயால சொல்லிட்டா குடுத்துரணும். ரொட்டியக் குடு." வாங்கி, பிட்டு, காஞ்சொறி ஓரத்தில் வைத்தாள். எனக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் குழாய்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அது யார் குரல் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆய்வுக்கூடத்தில் துளி விட்டதும் மூன்று குழாயும் கருநீலம்.

எர்கின் ஜன்னல் வெளிச்சத்தில் அவற்றைத் தூக்கிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எண்களோடு பேசும்போது எதிரே யார் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுவார். புருல்கான் கதவோரம் நின்றிருந்தாள். தன் வேலையில் பிழையில்லை என்று அவர் வாயால் கேட்டுவிட்டுப் போகக் காத்திருந்தாள்.

"குழாயும் சரி, மருந்தும் சரி, வேரும் சரி" என்றார் எர்கின். "மரத்துக்குப் பசியில்ல, அவ்வளவுதான். வயிறு முட்ட இருக்கு. அதான் குடுக்கறதையும் திருப்பித் தள்ளுது."

"ஆட்டுப் புழுக்கையா சார்?" என்றேன்.

"சேச்சே, புழுக்கைக்கு இவ்வளவு வராது. கீழ ஏதோ பெரிய உருப்படி புதைஞ்சு கெடக்கு. ரெண்டு மூணு வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கு மரம். குதிரையா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். "எங்க ஊர்லயா? குதிரை சாகற வரைக்கும் யாரு சார் விட்டு வைப்பா? அதுக்கு முன்னாலயே சட்டியில போட்டுர மாட்டோமா?"

எர்கினும் சிரித்தார். புருல்கான் சிரிக்கவில்லை.

"எவ்வளவு பெருசு இருக்கணும் சார்?" என்று கேட்டாள்.

"ஒரு ஆள் அளவு இருந்தாக்கூடப் போதும்" என்று பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் ஐரான் மோர் கடைந்துகொண்டிருந்தார். "வேலைக்குப் போயிட்டாளே" என்றார். நான் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவு ஏறினேன். வழி நெடுக, அது குதிரையாக இருக்கட்டும், குதிரையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒரு பெண்ணின் புருஷன் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. என் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக. என் யோக்கியதை அதுதான்.

காஞ்சொறியை அவள் வெறுங்கையால் பிடுங்கிப் போட்டிருந்தாள். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது. முழங்காலளவுக் குழியில் மண்டியிட்டு விரலால் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேரையும் மண்ணிலிருந்து விடுவித்து, ஒதுக்கி, அடுத்ததைத் தொட்டாள். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

"இந்தா, மண்வெட்டி."

"வேண்டாம்."

"வேர் அறுந்தா அறுந்துட்டுப் போவுதுடி. ஆராய்ச்சியா பண்ற?"

"மண்வெட்டி வேர்ல மட்டுமா படும்?" என்றாள். நான் அதைக் கீழே போட்டேன்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேர்கள் இறங்க இறங்க நெருங்கின. கடைசியில் மண்ணே இல்லை. அடர்ந்த கம்பளி போல வேர் மட்டும். அதை அவள் நூல் நூலாகப் பிரித்தாள். உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. மழைக்கோட்டு. வேர்கள் அதன் பொத்தான் துளைகள் வழியே நுழைந்து, கைப்பகுதிகளுக்குள் ஓடி, கழுத்துப்பட்டி வழியே வெளியே வந்திருந்தன. கோட்டுக்குள் ஆள் இருந்த வடிவத்தை அப்படியே வேர் நிரப்பியிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் பொத்தவில்லை. முதல் பொத்தானைக் கழற்றினாள். அதைப் பொருத்தியிருந்தது நீல நூலில், மற்றதெல்லாம் பச்சை நூல். அவள் தைத்ததுதான்.

ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேன் ஏறுன ஆளு போட்டிருந்தது பச்சைக் கோட்டுதானே?"

"ஆமா."

"இதேதானா?"

நான் கீழே கிடந்த மண்வெட்டியைப் பார்த்தேன்.

"சிரிச்சாருன்னு சொன்னியே."

"முதுகத்தான் பாத்தேன்" என்றேன். "புருல்கான், முதுக மட்டுந்தான்டி பாத்தேன். எல்லாரும் கேட்டாங்க, வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

திட்டுவாள், மண்ணை வாரி என்மேல் போடுவாள் என்று நின்றேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குழிக்குள் குனிந்து, "இவ்வளவு நாளும் பசியோட கெடன்னு சொல்லிட்டனே" என்று அவனிடம் சொன்னாள்.

போலீஸ் வந்தது. மண்டையோட்டின் பின்பக்கம் உடைந்திருந்தது. முண்டு திருட வந்தவர்கள் அடித்து, மரத்தைச் சுற்றி அவர்களே பறித்த குழியில் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. நாலாம் நாள் காலை தேடுகிறவர்கள் சரிவின் அந்தப் பக்கத்துக்கு வருவதாக இருந்ததாம். புது மண் அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்கும். என்னால்தான் வரவில்லை. அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடக்கம் செய்த நாளில் வீட்டு முன்னால் கம்பளிக் கூடாரம் போட்டு மய்யித்தை உள்ளே வைத்திருந்தார்கள். உள்ளே புருல்கான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். வெளியே ஆண்கள் இடுப்பில் துண்டு கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நான் பெண்களோடு கூடாரத்தின் ஓரத்தில் நின்றேன். அவள் பாட்டில் என் பெயர் வரும் என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தேன். எங்கள் ஒப்பாரியில் அப்படிப் பெயர் சொல்லிக் கேட்கலாம், யாரும் தடுக்க முடியாது. அவன் காட்டைப் பற்றிப் பாடினாள், வாசலில் காத்திருந்த பூட்சைப் பற்றிப் பாடினாள், மூன்று வருடப் பசியைப் பற்றிப் பாடினாள். என் பெயர் வரவேயில்லை. உள்ளே இருப்பது எலும்பு. அந்த எலும்பின்மேல் நான் சொன்ன சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போல எனக்குப் பட்டது.

மய்யித்தை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். ஜனாஸா தொழுகைக்கு முன் மொல்லா வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

நல்ல மனுஷர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். எந்தக் குடிகாரனுக்கும் அந்தப் பதில் கிடைக்கும். அன்றைக்கு ஒருவர் வாயும் திறக்கவில்லை. மூன்று வருடமாக ஓடுகாலி, பொம்பளைப் பொறுக்கி என்று பேசிய வாய்கள். வெட்கத்தில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்னாப் கூடார வாசலுக்கு வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உள்ளே ஒப்பாரி நின்றுவிட்டது.

அந்த இடத்தில் பெண்கள் பேசுவதில்லை. நான் பேசினேன். கத்தினேன்.

"நல்ல மனுஷன்! அவன் எங்கயும் ஓடல. நான் அவன் மூஞ்சியப் பாக்கல. சிரிச்சான்னு சொன்னது பொய். நான்தான் பொய் சொன்னேன், அனார்கான்!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது. என் பக்கத்தில் நின்ற பெண்கள் ஓரடி நகர்ந்தார்கள். மொல்லா என்னைப் பார்க்காமல், முதல் தடவை கேட்பது போல மறுபடியும் கேட்டார். முன் வரிசையில் ஒரு கிழவர் "நல்ல மனுஷர்" என்றார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் எல்லாரும்.

அன்று சாயங்காலம் சாய்னாப் எண்ணெய்ச் சட்டியை வைத்து முதல் ரொட்டியைத் தன் கையால் போட்டார். மகன் பெயரைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையவில்லை. புருல்கானுக்குத்தான் உடைந்தது. நான் தெருவில் நின்று கேட்டேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

அது நடந்து ஏழு வருடம். புருல்கான் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் உண்டு. மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். எர்கினுக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் வேர் தோண்டக் கற்றுக்கொடுக்கிறாள். தலைநகரில் அச்சான ஆராய்ச்சிக் கட்டுரையில் கடைசியிலாவது அவள் பெயர் வந்திருக்கிறது. பதினான்காம் மரத்தையும் அவள் விடவில்லை. எலும்புகளை எடுத்த பிறகு குழியை மூடி, ஒவ்வொரு கோடையிலும் மூன்று குழாய் வைத்தாள். முதல் வருடம் கருநீலம். இரண்டாம் வருடம் கொஞ்சம் தெளிந்தது.

போன கோடையில்தான் மூன்று குழாயும் சுத்தமாக வெளிறி வந்தன. மற்ற மரங்களைப் போல. மரத்துக்குப் பசி திரும்பிவிட்டது. நானே எழுந்து வாசலுக்குப் போனேன். அவள் படியில் உட்கார்ந்து நகத்திலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு குடிக்க ஆரம்பிச்சிருச்சு புருல்கான்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"சரி" என்றாள்.

அதோடு ஒரு வார்த்தை சேர்ந்து வரும் என்று நின்றேன். முன்பெல்லாம் அவள் எதைச் சொன்னாலும் கூடவே வரும். ஏழு வருடமாக அவள் என்னோடு பேசாமல் இல்லை. குழாய் எண் சொல்வாள், மருந்து தீர்ந்ததைச் சொல்வாள், மழை வரும் என்பாள். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கும் கூப்பிடவில்லை. குழாய்களைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.